முன்பே தெரிந்த சுவர்

சுகந்தியின் வீட்டுச் சமையலறைச் சுவர் ஆனி மாதம் மூன்றாம் தேதி, காலை ஐந்தே முக்காலுக்கு விழுந்தது. அவள் கணவர் பூபதி அப்போதுதான் பாலை அடுப்பில் வைத்திருந்தார். ஹாலில் ஃபோன் அடிக்கவே, கதவு நிலையைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்த்ததால் ஆள் பிழைத்தார். நிலையைப் பிடித்திருந்ததால் இடது கையில் மூன்று விரல்கள் நசுங்கின.

ஃபோனில் அழைத்தது யாருமில்லை. பிரஷர் மாத்திரை போடச் சொல்லித் தினமும் அடிக்கும் நினைவூட்டல்தான்.

வீடு இருந்தது வடவள்ளியில். ஒரு காலத்தில் ஓடையாக இருந்து, மண் கொட்டி மேடாக்கி, மனையாகிப்போன தெரு அது. 2046இல் கோயம்புத்தூரின் பாதித் தெருக்களுக்கு இதே பூர்வீகம்தான். மழைக்கு மண் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், இடையில் வீடுகள் பாடுபடும். அதனால் அங்கே பாலிசி எடுக்காத வீடே கிடையாது. பாலிசி எடுத்தால் காப்பீட்டுக் கம்பெனி ஆளனுப்பி, சுவரின் நாலு மூலையிலும் பொட்டு அளவில் நாலு கருவிகளைப் பதித்துவிட்டுப் போகும். அவை சுவருக்குள் நடப்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கும்: ஈரம், அதிர்வு, நமக்குக் கேட்காத சின்னச் சின்ன விரிசல் சத்தங்கள். 'குடைநிழல் காப்பீடு' என்ற அந்தக் கம்பெனி இதை இலவசமாகவே செய்து கொடுத்தது.

பூபதிக்குக் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை. மயிரிழை போன்ற செம்புக்கம்பியைச் சுற்றுவதற்கு இரண்டு கையும் வேண்டும். சுகந்திக்குப் பாடப்புத்தகம் அச்சிடும் நிறுவனத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. இருபத்து மூன்று வருஷமாக அடுத்தவர் எழுத்தில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிறாள்.

க்ளெய்ம் போட்டபோது அவள் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். நாள்பட்ட நீர்க்கசிவு என்பார்கள், பராமரிக்கவில்லை என்பார்கள், பழைய கட்டடம் என்பார்கள் என்று அலுவலகத்தில் ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள். வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்த போட்டோ, மொட்டைமாடிக்குத் தளம் போட்ட ரசீது, கொத்தனாரின் கையெழுத்து எல்லாம் ஒரு பையில் தேதி வாரியாக இருந்தன. எதுவும் தேவைப்படவில்லை. மூன்றாவது வாரம் கடிதம் வந்தது.

"மேற்படி சேதம் எங்கள் 'முன்னோக்கி' மென்பொருளால் ஜூன் 5 அன்றே 93 விழுக்காடு உறுதியுடன் கணிக்கப்பட்டது. ஆகவே இது பாலிசியின் நான்காம் பிரிவில் கூறப்படும் 'எதிர்பாராத நிகழ்வு' ஆகாது. தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

முதல் தடவை படித்தபோது ஓர் ஒற்றுப்பிழை கண்ணில் பட்டது. இரண்டாம் தடவை படித்தபோது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, சொவுரு விழுகப்போவுதுன்னு அவங்களுக்குப் பன்னெண்டு நாளைக்கு முன்னாடியே தெரியுமாமுங்க."

பூபதி மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். "அத்தனை நாளெல்லாம் எதுக்கு? எனக்குப் பன்னெண்டு செகண்டு முன்னாடி சொல்லியிருந்தாப் போதுமே" என்று சிரித்தார். பிறகு கையைப் பார்த்தார். சிரிப்பு தானாக நின்றுபோனது.

மறுநாள் சுகந்தி லீவு போட்டுவிட்டு அவிநாசி ரோட்டிலிருந்த கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள். க்ளெய்ம் அதிகாரி பெயர் இசக்கிராஜன். திருநெல்வேலிக்காரர், நாற்பது வயதிருக்கும். எழுந்து நின்று நாற்காலி காட்டினார். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்க வந்தவளுக்கு அது இடைஞ்சலாக இருந்தது.

"தெரிஞ்சும் ஏனுங்க சொல்லலை?" என்றாள்.

"சொல்லக்கூடாதுன்னு உத்தரவு மேடம்."

"இதென்னங்க அநியாயமா இருக்குது!"

"முன்னாடி சொன்னோம் மேடம். அதையும் கேளுங்க. ஒரு ஊர்ல நாப்பது வீட்டுக்கு விழப்போவுதுன்னு கடுதாசி போட்டோம். ஜனங்க காலி பண்ணிட்டுப் போனாங்க. முப்பத்தேழு வீடு விழுந்துச்சு. மூணு விழலை."

"நல்லதுதானுங்களே."

"அந்த மூணு பேரும் எங்க மேல கேஸ் போட்டாங்க. உங்க கடுதாசியால எங்க வீட்டை ஒருத்தனும் விலைக்குக் கேக்க மாட்டேங்கான்னு. ஜெயிச்சும்புட்டாங்க. அன்னைக்கே வாயை மூடிக்கிடுங்கன்னு சட்டப்பிரிவுல சொல்லிட்டாவ. கணிப்பு பிரீமியம் போடுறதுக்கு மட்டும்தான், வெளிய மூச்சு விடக்கூடாது."

"விழுந்த முப்பத்தேழு வீட்டுல யாராச்சும் செத்தாங்களா?"

இசக்கிராஜன் மேசையிலிருந்த பேப்பர்வெயிட்டைத் திருப்பி வைத்தார். "இல்லை மேடம்" என்றார். "ஒருத்தரும் சாகலை."

கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "நான் சொல்லுதேன்னு நெனைக்காதீங்க. அந்தக் கணிப்போட நகல் வேணும்னு எழுதிக் கேளுங்க. குடுத்தே ஆகணும். அப்புறம் எங்க குறைதீர்ப்புப் பிரிவுக்கு ஒரு மனு. அவங்க இல்லைன்னுதான் சொல்லுவாங்க, இல்லாட்டி முப்பது நாள் பேசாம இருப்பாங்க. ரெண்டுல எது நடந்தாலும் நேரா காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்கிட்ட போயிரலாம். பைசா செலவில்லை. வக்கீலும் வேண்டாம்."

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?"

"தெரியலை மேடம்" என்றார். நிஜமாகவே தெரியாதவர் போலத்தான் இருந்தார்.

கம்பெனி முப்பது நாளும் பேசாமல் இருந்தது. அந்த முப்பது நாளில் சுகந்தி செய்த காரியம், பாலிசி எடுத்தவர் யாரும் செய்யாத ஒன்று. அறுபத்து நாலு பக்கப் பாலிசியை முதல் எழுத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளி வரை படித்தாள். பென்சிலோடு, உதட்டை அசைத்து, பாடப்புத்தகத்துக்குப் பார்ப்பதுபோலவே பார்த்தாள். நூற்றுப் பதினொரு பிழைகள் கிடைத்தன. அவற்றில் இரண்டு பிழைகள் மட்டும் எழுத்துப்பிழைகள் அல்ல.

சமையல் ஹாலில் நடந்தது. ஒற்றை அடுப்பு, மேலே தார்ப்பாய், மழை வந்தால் குழம்பில் இரண்டு சொட்டு. பூபதிக்குக் கட்டுப் பிரித்தார்கள். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. பட்டறைக்குப் போய் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தாராம். வீட்டுக்கு வந்து, "கம்பி நிக்க மாட்டேங்குது புள்ள, நழுவுது" என்றார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரே தோசை சுட்டார், ஒற்றைக் கையால். தோசை இலங்கை வரைபடம் மாதிரி வந்தது. சுகந்தி மூன்று தின்றாள்.

விசாரணை ஆவணிக் கடைசியில் நடந்தது. குறைதீர்ப்பாளர் நசீமா அம்மாள் ஓய்வுபெற்ற நீதிபதி. எல்லோருக்கும் டீ வந்த பிறகுதான் பேச்சையே ஆரம்பித்தார். ஒருபக்கம் கம்பெனி வக்கீல், அவர் பக்கத்தில் இசக்கிராஜன். மறுபக்கம் சுகந்தி, பூபதி, பென்சில் அடையாளங்கள் நிறைந்த அந்தப் பாலிசி.

வக்கீல் சுருக்கமாகவே முடித்தார். காப்பீடு என்பது எதிர்பாராத விபத்துக்கு. தொண்ணூற்று மூன்று விழுக்காடு தெரிந்த ஒன்று எப்படி எதிர்பாராததாகும்? அறிவியல் வளர்ந்துவிட்டது, அதற்குக் கம்பெனி என்ன செய்யும்?

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் நசீமா.

சுகந்தி எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே பேசினாள்.

"நாலாம் பிரிவுல 'எதிர்பாராத நிகழ்வு'ன்னு போட்டிருக்குதுங்க. எதிர்பாராதங்கிறது பெயரெச்சம். எதிர்பார்க்காதது யாருன்னு எழுவாயே இல்லை. கம்பெனி எதிர்பாராததா, நான் எதிர்பாராததா? ஆறாவது படிக்கிற புள்ள இப்படி எழுதினா நாங்க சுழிச்சுக் குடுப்போமுங்க. எழுதினவங்க அவங்க. தெளிவா எழுதாததுக்கு நான் ஏனுங்க விரல் குடுக்கோணும்?"

நசீமா குறிப்பெடுத்தார். "தெளிவில்லாத வாசகத்தை எழுதினவருக்கு எதிராத்தான் எடுத்துக்கணும். அது பழைய சட்டம்தான். அடுத்தது?"

"ரெண்டாம் பிரிவுங்க. உண்மையை மறைச்சா பாலிசி செல்லாதுன்னு இருக்குது. நானும் எனக்குன்னுதான் நெனைச்சேன். ஆனா வாசகம் 'இரு தரப்பினரும்'னு ஆரம்பிக்குது. அந்த உம்மைய யாரும் பாக்கலை போலிருக்குதுங்க."

வக்கீல் தன் கையிலிருந்த பிரதியைப் புரட்டத் தொடங்கினார்.

"மூணாவது, தேதிங்க. அஞ்சாம் தேதி சொவுரு விழும்னு கணிச்சிருக்காங்க. ஒம்பதாம் தேதி எங்க பாலிசியப் புதுப்பிச்சு, 'உங்கள் இல்லம் பாதுகாப்பாக உள்ளது'ன்னு வாழ்த்துச் செய்தி அனுப்பியிருக்காங்க. பூப்படம் போட்டு."

ஃபோனைக் காட்டினாள். ரோஜாப்பூப் படம்.

வக்கீல் கனைத்தார். "அது தானியங்கிச் செய்தி. கணிப்பை யாருக்கும் தெரிவிக்கக் கூடாது என்பது கம்பெனி முழுமைக்கும் ஒரே விதி. இந்த அம்மாவுக்கு மட்டும் செய்த வஞ்சகம் இல்லை. இதுவரை எவருக்கும் சொன்னதில்லை."

"அப்படியா?" நசீமா இசக்கிராஜன் பக்கம் திரும்பினார். "நீங்க பதினாலு வருஷம் சர்வீஸ்னு போட்டிருக்கு. ஒருத்தருக்கும் சொன்னதில்லையா?"

'இல்லை' என்ற ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய கேள்வி அது. இசக்கிராஜன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு தடவை சொன்னேன் மேடம்."

வக்கீல் அவர் முழங்கையைத் தொட்டார். அவர் கவனிக்கவில்லை.

"எங்க தங்கச்சிக்கு. அம்பாசமுத்திரத்துல வீடு. லிஸ்ட்ல அவ பேரைப் பாத்தேன். எண்பத்தாறு சதவீதம். நாலு நாளைக்கு அம்மையப் பாக்க வான்னு ஃபோன் போட்டுக் கூப்பிட்டேன். பிள்ளைகளோட வந்துட்டா. மூணாம் நாளு படுக்கையறை உத்தரம் விழுந்துட்டு."

பூபதி அவரை உற்றுப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "நல்ல காரியம் பண்ணுனீங்க தம்பி." கோபமே இல்லாமல் சொன்னார். இசக்கிராஜன் தலை குனிந்துகொண்டார்.

தீர்ப்பு பத்து நாளில் வந்தது. சமையலறைச் சேதம் முழுவதையும் கம்பெனி ஏற்க வேண்டும், விரலுக்கும் சேர்த்து. இனிமேல் எந்தக் கணிப்பையும் ஒரே நாளில் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாத கணிப்பு எதிர்பாராததாகவே கொள்ளப்படும். சுகந்தியின் பெயர் நாலு நாள் செய்திகளில் வந்தது. அவள் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் அவள் பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்தது, வேண்டுமென்றே.

ஐப்பசியில் புதுச் சமையலறை எழும்பியது. அதே ஐப்பசியில் கம்பெனியின் புதுப் படிவமும் எல்லா வீட்டுக்கும் வந்தது. இரண்டே கட்டம். 'முன்னறிவிப்பு வேண்டும்' என்று குறித்தால் கணிப்பைச் சொல்வார்கள், ஆனால் ஒரு வாரத்துக்குள் பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்காவிட்டால் அந்தப் பகுதிக்குக் காப்பீடு கிடையாது. 'வேண்டாம்' என்று குறித்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், விழுந்தால் பணம் உண்டு. சேதத்துக்குப் பிறகு 'எனக்கு எவரும் முன்பே சொல்லவில்லை' என்று கையெழுத்து மட்டும் போட வேண்டும்.

சுகந்தி அதை மூன்று தடவை படித்தாள். இதில் ஒரு பிழைகூட இல்லை.

ஊர் தலைகீழாகிவிட்டது. டீக்கடையில் "உங்களுக்கு எத்தனை?" என்பதே முதல் கேள்வி. கணபதியில் ஒரு கல்யாணம், பெண் வீட்டு மாடி எழுபத்தொரு சதவீதம் என்று தெரிந்ததும் ஒரு மாதம் தள்ளிப்போனது. வசதியுள்ளவர்கள் 'வேண்டும்' குறித்துக் கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் 'வேண்டாம்' குறித்தார்கள். சுகந்தியின் தெருவில் பத்து வீட்டில் ஏழு வீடு வேண்டாம்.

எதிர்வீட்டு ஜமுனாவும் அப்படித்தான். கணவர் லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். முன்ஹாலில் மூன்று தையல் மிஷின், நாலு பெண்கள் வேலை பார்க்கிறார்கள், மூலைக் கட்டிலில் மாமியார் ரங்கம்மா.

"ஏன் ஜமுனா வேண்டாம்னு போட்டே?" என்று சுகந்தி கேட்டபோது அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "சொன்னா என்னங்கக்கா பண்ணுவேன்? ஒரு வாரத்துல செங்கல் வாங்க எனக்கு ஏது வழி? தெரியாம இருந்தா விழுந்த பொறகாச்சும் வீடு கிடைக்கும்." குற்றம் சொல்லும் தொனி இல்லை. சுகந்திக்குத்தான் எங்கோ சுருக்கென்றது.

கார்த்திகை முதல் வாரம் இசக்கிராஜன் வீடு தேடி வந்தார். விசாரணையில் பேசியதற்காக முந்தின நாளோடு வேலை போயிருந்தது. புதுச் சமையலறையைப் பாராட்டினார், காப்பி குடித்தார், கிளம்பினார், வாசலில் நின்றுவிட்டார்.

"கடைசியாப் பாத்த லிஸ்ட்ல இருந்த எதிர்த்த வீட்டு பாலிசி நம்பர் மனசுலேயே நிக்கி மேடம்."

சுகந்திக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "எப்போ?"

"வியாழன்லருந்து சனிக்குள்ள. முன்ஹால் கூரை. எண்பத்தொம்பது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொன்னா அவங்க முன்கூட்டியே தெரிஞ்சவங்க ஆயிருவாங்க. பணம் போச்சு. சொல்லலைன்னா ஹால்ல ஆறு பொம்பளைங்க. என்ன செய்யன்னு தெரியாமத்தான் உங்ககிட்ட வந்தேன்."

அவர் போனபிறகு சுகந்தி வெகுநேரம் ஜன்னலருகே நின்றாள். எதிரே மிஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. சொல்ல வேண்டும் என்று சண்டை போட்டு ஜெயித்தவள் அவள். இப்போது வாயைத் திறந்தால் ஜமுனாவின் வீடு போய்விடும்.

"உன்ற மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?" என்று பூபதி கேட்டார். சொன்னாள். அவர் மடங்காத விரல்களால் தாடையைத் தேய்த்தார்.

"அந்தத் தம்பி தன் தங்கச்சிகிட்ட வீடு விழுகுதுன்னா சொன்னாரு? அம்மையப் பாக்க வான்னுதான சொன்னாரு?"

சுகந்தி செருப்பைக் கூட மாட்டாமல் தெருவைக் கடந்தாள்.

"ஜமுனா, புதுச் சமையக்கட்டுல வியாழக்கிழமை பால் காய்ச்சறோம். நீங்க எல்லாரும் வந்துரோணும். மூணு நாளு விருந்து."

"மூணு நாளாக்கா? கல்யாணத்துக்கே ஒரு நாளுதான்."

"ஒம்பது ஜன்னலுக்கும் திரை தைக்கோணும், எல்லா மெத்தைக்கும் உறை. அளவெடுத்து அங்கயே தைச்சாத்தான் சரியா வரும். மிஷினையும் தூக்கிட்டு வந்துருங்க. அத்தை கட்டிலை அவரு ஆள் வெச்சுத் தூக்கிட்டு வந்துருவாரு."

ஜமுனா சிரித்தாள். பெரிய ஆர்டர். ஒத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பால் பொங்கியது. எதிர்வீடு அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை பணியாரமும் ஒப்பிட்டுப் போளியும் சுட்டார்கள், ஒன்பது ஜன்னலுக்கும் திரை முடிந்தது. எதிர்வீடு அசையவில்லை. சனிக்கிழமை காலையில் ரங்கம்மா, "ஒறம்பரையா விருந்துக்கு வந்தா ரெண்டு நாள் போதுங் கண்ணு, நாங்க கெளம்பறோம்" என்று ஆரம்பித்தார். சுகந்தி பீரோவிலிருந்த புடவைகளையெல்லாம் அள்ளிப்போட்டு எல்லாவற்றுக்கும் ரவிக்கை தைக்கச் சொன்னாள். ஜமுனா அவளை ஒருமாதிரி பார்த்தாள். சுகந்தி முகம் கொடுக்காமல் வெங்காயம் உரித்தாள்.

பத்துக்கு ஒரு தடவை நடக்காமல் போகுமே, அந்த ஒன்றாக இது இருந்துவிடட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். பதினொரு ரவிக்கைகளோடு அசடு வழிந்துகொண்டு நிற்பேன், பரவாயில்லை.

மத்தியானம் எல்லோரும் இலை முன் உட்கார்ந்திருந்தார்கள். பூபதி ரசம் ஊற்றிக்கொண்டு வந்தார். தெருவில் பெரிய மூட்டையைப் போட்டதுபோல ஒரு சத்தம், பிறகு சரசரவென்று நீண்ட சரிவு. ஜன்னல் வழியே தூசி வந்து புதுத் திரைகளின் மேல் படிந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. ரங்கம்மா மட்டும் எண்ணினார், சுட்டுவிரலை நீட்டி, ஒவ்வொரு தலையாக. ஆறு. மறுபடி எண்ணினார். ஆறு.

ஜமுனா திரும்பிச் சுகந்தியைப் பார்த்தாள். கேட்க வாய் எடுத்தாள். சுகந்தி, "இன்னுங் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்றாள். ஜமுனா இலையை முன்னால் தள்ளினாள்.

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். இடிந்த ஹாலைப் படமெடுத்தாள். சுகந்தி வீட்டு வாசலிலேயே வைத்து ஜமுனாவிடம் படிவத்தை நீட்டினாள்.

"இந்தச் சேதத்தைப் பத்தி உங்களுக்கு யாராவது முன்னாடியே சொன்னாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. ஆறு பேரு, மூணு மிஷின், ஒரு கட்டில். ஒண்ணுகூட வீட்டுல இல்லையே."

"ஒருத்தரும் சொல்லலீங்க" என்றாள் ஜமுனா. "எங்களை ஒறம்பரைக்குக் கூப்பிட்டாங்க. வந்தோம். அவ்வளவுதானுங்க."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.